ஓனரின் இருமலும் ஊறவைத்த கம்பும்

சொந்த வீட்டுக்குள் நுழைய இருமிவிட்டு நுழையும் மனுசனை நான் அவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். கேட்டைத் திறக்கும் முன்னால் ஒரு இருமல். செருப்பைக் கழற்றும்போது இன்னொன்று. சளியும் கிடையாது, பீடியும் கிடையாது. "நான் வர்றேனுங்க, யாராச்சும் அசந்து மறந்து உக்காந்திருந்தா எந்திரிச்சுக்குங்க" என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் பெண்சாதி உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், வேறு ஈ காக்கை இருக்காது. ஆனாலும் இருமுவார்.

வேலம்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருசம் ஆகியிருந்த நேரம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனியை நம்பி மூட்டை கட்டி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஓட்டினார். எனக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங். எங்கள் ஊரில் வீட்டுக்காரர் என்றால் புருசன் என்று அர்த்தம், அதனால் வீட்டுக்குச் சொந்தக்காரரை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. முதல் நாள் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "கடைக்காரரு யாராச்சும் வந்திருக்கறாங்களாங்க?" என்று என்னிடமே கேட்டார். அப்புறம் ஊரோடு ஒத்து ஓனர் என்று ஆக்கிக்கொண்டேன். நேரில் ஓனரண்ணே, அவர் பெண்சாதி ஓனரக்கா.

கூச்சம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு வேட்டி சட்டை போட்டுவிட்டால் அவர்தான். சர்க்கரை வியாதிக்காரர். முக்கு டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயையே தினமும் நீட்டுவார்கள். "வேண்டாங்க" என்று சொன்னால் மாஸ்டர் மனசு என்ன பாடுபடுமோ என்று பாதி குடித்துவிட்டு, மீதியை யாரும் பார்க்காதபோது வேப்பமரத்தடியில் ஊற்றுவார். அந்த மரத்தடியில் எந்நேரமும் எறும்பு. குழாய் இருப்பது அவர் வாசலில்தான், ஆனால் தண்ணீர் வருகிற நாளில் குடத்தோடு கடைசியில் நிற்பார். ஒரு தடவை அவர் முறை வரும்போது தண்ணீர் நின்றுபோனது. "பரவால்லீங்க, எங்களுக்கு இருக்குதுங்க" என்று காலிக் குடத்தோடு போனார். கொஞ்ச நேரம் கழித்து ஓனரக்கா சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என்னிடம் தண்ணீர் கேட்டு வந்தாள்.

எனக்கு நேரெதிர் குணம். எங்கள் ஊரில் தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்டால்தான் பேச்சு. "ஏட்டி, நீ ரகசியம் பேசினாலே பஸ்ஸு நிக்கும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இந்த மனுசன் நாய்க்கும் கோழிக்கும் 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "நகருங்க சாமி, மிதிச்சுப்போடுவேன்" என்று கோழிக்குஞ்சிடம் கெஞ்சுகிற ஆளைப் பார்த்தால் உங்களுக்கு மட்டும் வராதா?

கோழிக்குஞ்சு வந்த கதைதான் இங்கே முக்கியம். அவருக்கு ஒரே மகள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குன்னத்தூருக்கு அந்தப் பக்கம், தோட்டம் துரவு உள்ளவர்கள். கல்யாணம் முடிந்து கறி விருந்து நடந்தது. நானும் பந்தியில் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் ஒரு குரலில் சொன்னாள்: "டவுனுக்குள்ள இருக்கறவங்களுக்கு என்னுங்க, ஒறம்பரை சனம் வந்தா கறிக்கடையில போய் நின்னாப் போச்சு. எங்க தோட்டத்துல மாப்பிள்ளைக்கு ஊட்டுக் கோழி அடிச்சுத்தான் போடறதுங்க."

பந்தியில் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். மகள் முகம் செத்துப்போனது. அப்போது ஒரு இருமல் கேட்டது. ஓனர்தான். கையில் ரசவாளியோடு நின்றார்.

"தல ஆடிக்கு எங்க ஊட்டுக் கோழிதானுங்க."

நாலு பேர் கூடின இடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆடிப்பதினெட்டு நோம்பிக்குப் புது மாப்பிள்ளையை மாமனார் வீட்டுக்கு அழைப்பது வழக்கம். அதற்கு இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சொன்ன கையோடு காதெல்லாம் சிவந்து, ரசத்தை இலையில் ஊற்றாமல் தரையில் ஊற்றினார்.

இதிலே விசயம் என்னவென்றால், அவருக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே தோட்டத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு டவுனுக்கு வந்துவிட்டார்கள். மீசை முளைக்கும் முன்னால் பனியன் கம்பெனிக்குப் போனவர் அங்கேயே ஃபேப்ரிக் இன்சார்ஜாக ஆகிவிட்டார். துணி டையிங்குக்கு எத்தனை கிலோ போனது, சாயம் ஏறித் திரும்பும்போது எத்தனை கிலோ வந்தது, நடுவில் குறைந்தது எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. தோட்டக்காரர் பிள்ளைக்குக் கோழித் தீனி தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று நினைத்தார்.

மாசியில் சந்தையிலிருந்து ஏழு குஞ்சு வாங்கி வந்தார். தாயை விட்டுப் பிரிந்து தானாக மேயத் தொடங்கிய பருவம். பின்கட்டில் சுவரை ஒட்டி வலையடித்து, மேலே தகரம் போட்டு, 'கொடாப்பு' என்று அவர்கள் சொல்கிற மூங்கில் கூடை ஒன்றையும் வாங்கி வைத்தார். அதே கூடைக்கு எங்களிடம் பஞ்சாரம் என்று பேர். நான் ஊரிலிருந்து அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வளர்த்த மூன்று கோழியும் ஒரு செவலைச் சேவலும் அப்போதே பெரிசாகி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த, அடியில் ஓட்டை விழுந்த இடுப்பளவுச் சுவரில் ராஜா மாதிரி ஏறி நின்று அந்தக் குஞ்சுகளை வேடிக்கை பார்த்தன.

கம்பெனியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்: கம்பு, மக்காச்சோளக் குருணை, தவிடு மூன்றையும் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு நாள் புளிக்க வைத்துப் போட்டால் கோழி நன்றாகத் தேறும், தீனியும் மிச்சமாகும் என்று. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து கிளம்பிய வாடை பழைய சோற்றுப் பானையையும் கள்ளுக்கடையையும் சேர்த்துக் கிளறின மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் அந்த வாடை தெரியாத ஆளே கிடையாது.

எவ்வளவு போடுவது என்பதுதான் அவருக்குத் தீராத கேள்வியாக ஆனது. ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.

"ஏனுங்க அம்மணி, எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு கேட்டாருங்க. ஊற வெச்ச தீனின்னா ஒரு கோழிக்கு எத்தனைங்க போடறது?"

"அந்தத் தெரிஞ்சவரு நீங்கதானண்ணே" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் தலை சுவருக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கிருந்து "ஆமாங்க" என்று குரல் மட்டும் வந்தது.

"நான் என்னத்தக் கணக்குப் பாத்துப் போடுதேன். காலைல தொறந்து விடுவேன், அது பாட்டுக்கு மேஞ்சிட்டு வரும். சோறு மிஞ்சினா ஒரு கை. என் சேவலப் பாத்தியள்லா, கொழுத்துப் போயி கெண்டி மாதிரி இருக்கு. கோழிக்கு எதுக்குண்ணே கணக்கு?"

"அதுசரீங்க" என்றார். ஆனால் அவர் கணக்கை விடுகிற ஆள் இல்லை. டையிங்குக்குப் போய் வந்தால் துணி எடை குறையும் என்பது அவர் ரத்தத்தில் ஊறினது. அதனால் தீனியும் புளித்தால் குறையும், அந்தக் குறைச்சலைச் சேர்த்து கூடுதலாகவே ஊறப்போட வேண்டும் என்று முடிவு கட்டி, வாளி நிறையப் போட்டு மூடியை இறுக்கி அமுக்கிவிட்டார். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கம்பு பொங்கி, மறுநாள் மத்தியானம் மூடி வெடித்து, கொடியில் காய்ந்த துணியெல்லாம் கம்பும் தவிடும் ஆகிப்போனது. அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், அவர் லைன் வீட்டு வாசல் வாசலாக நின்று இருமிக்கொண்டிருந்தார். ஓனரக்கா எல்லார் துணியையும் வாங்கித் துவைத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஈரத்துல எடை ஏறுமுங்க, நான் எறங்கும்னு நெனச்சுப்போட்டேன். ஈரத் துணிய எடை போடக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றவன் நான்."

அதற்குப் பிறகு காய்ந்த தானியத்தை மட்டும் தராசில் எடை போட்டு, அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து ஊறப்போட்டார். போட்டதைக் கோழிகள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தின்றுவிட வேண்டும், மிஞ்சினால் பூசணம் பிடிக்கும், மறுநாள் அந்த அளவு குறைக்க வேண்டும், துடைத்துத் தின்றால் ஒரு பிடி கூட்ட வேண்டும். இதுதான் அவருடைய கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் தீனித் தொட்டி தினமும் துடைத்த மாதிரி காலியானது. அவரும் தினமும் கூட்டினார். கூட்டக் கூட்டக் கோழிகள் இளைத்துக்கொண்டே போயின. சித்திரை போய் வைகாசி போய் ஆனி வந்துவிட்டது. ஏழும் உயரமாக வளர்ந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. மகள் கோயில் திருவிழாவுக்கு வந்துபோகும்போதும் போனில் பேசும்போதும், "அப்பா, கோழி எப்படி இருக்குதுங்கப்பா? அத்தை தெனமும் கேக்கறாங்க" என்பாள். கேட்பது கோழியை அல்ல என்று எனக்கே தெரிந்தது. "நல்லா இருக்குது கண்ணு" என்று அவர் சொல்லும் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

அந்த நேரத்தில் நான் அவரை விட்டேனா? இல்லை. "ஓனரண்ணே, கோழிக்கு டையிங் பத்தலையோ?" என்று குழாயடியில் வைத்துக் கேட்பேன். பெண்டுகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிக்க முயற்சி பண்ணுவார். ஒரு தடவை மட்டும், சிரிப்பு அடங்கினதும், காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மணி, உங்க கோழி எந்நேரமுங்க மேயப் போகுது?"

"நான் கம்பெனிக்குப் போம்போது தொறந்து விடுவேன். எதுக்குண்ணே?"

"சும்மா கேட்டேனுங்க."

"என் கோழியப் பாத்துப் படிச்சிக்கச் சொல்லுங்க உங்க கோழிய" என்றேன். இதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆடிப்பதினெட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் வாசலில் இருமல் கேட்டது. வெளியே வந்தேன். மழையைப் பற்றிச் சொன்னார். கரண்ட் போய் வருவதைப் பற்றிச் சொன்னார். நொய்யல் ஆற்றில் தண்ணீர் எந்த நிறத்தில் போகிறது என்று சொன்னார். அப்புறம் மறுபடியும் மழைக்கு வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது அவருக்குப் பின்னால் நின்ற ஓனரக்கா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "கண்ணு, நம்ம கோழி ஒண்ணுகூட அடிக்கற பதத்துல இல்ல. உன்ற சேவல நோம்பிக்குக் குடுக்கறயா? வேற எங்க வாங்கினாலும் சம்பந்தியம்மா கண்டுபுடிச்சுப்போடும். இது நம்ம வாசல்ல வளந்ததுன்னு மனசறிஞ்சு சொல்லிக்கலாம்."

ஓனர் நிமிரவே இல்லை. கழுத்து வரைக்கும் வேர்த்திருந்தது. எனக்கு அப்போது ஏற்பட்டது பெருமை. அதை ஒளிக்க மாட்டேன். கணக்குப் போட்ட மனுசன் கணக்கே போடாத என்னிடம் வந்து நிற்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. "எடுத்துக்கோங்கண்ணே, நம்ம மாப்பிள்ளைதானே" என்று மகாராணி மாதிரி சொன்னேன். "நானே வந்து அரிஞ்சும் தாரேன்க்கா" என்றேன்.

நோம்பி அன்று கம்பெனிக்கு லீவு. சேவல் சுவரில்தான் அடையும், காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். நான் எழுந்து வருவதற்குள் இறங்கிப்போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஓனர் வீட்டுப் பின்கட்டிலிருந்து சுவர் ஓட்டை வழியாக ஆடி அசைந்து வந்தது. அமுக்கிப் பிடித்தேன். நல்ல கனம்.

அறுத்து, மயிர் பறித்து, மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டி, ஓனரக்காவின் அடுக்களைக்கு வெளியே அரிவாள்மணை போட்டு உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே தீனி தங்குகிற பை கல்லு மாதிரி உருண்டிருந்தது. கீறினேன். உள்ளங்கையில் கொட்டியது. ஊறிப் பருத்த கம்பு. மஞ்சள் குருணை. தவிட்டுக் கூழ். அந்தப் புளித்த வாடை குப்பென்று அடித்தது.

நான் என் ஆயுசில் அந்தச் சேவலுக்கு ஒரு பிடி கம்பு போட்டதில்லை.

"கழுவிப்போடு கண்ணு" என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அக்கா, இது உங்க..."

"தெரியும் கண்ணு."

"அண்ணனுக்கு?"

அக்கா களைந்த தண்ணீரைச் செடியில் ஊற்றிவிட்டு வந்தாள். "அவருக்குத் தெரியாமயா. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் கம்பெனிக்குப் போவீங்க, இந்தப் பக்கம் நாலும் சுவத்து ஓட்டையில வந்துரும். உன்ற சேவல் நம்மளத முடுக்கித் தொரத்திப்போட்டுத் தொட்டிய மறிச்சு நின்னுக்கும். வெரட்டுங்கன்னு சொன்னேன். 'வெரட்டற சத்தம் அக்கம்பக்கம் கேட்டு, யாராச்சும் அந்த அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டா, அது என்ன நெனைக்கும்? ஊரு விட்டு ஊரு வந்த புள்ள'ன்னார். ஓட்டைய அடைங்கன்னு சொன்னேன். 'திடீர்னு அடைச்சா எதுக்குன்னு கேக்குமே, என்னன்னு சொல்றது'ன்னார். சரி, வர்றது வந்துபோச்சுன்னு, நம்மளது ஏழு, உன்றது நாலு, பதினோரு கோழிக்குன்னு சேத்தித்தான் ஊற வெச்சாரு. அப்படியும் உன்ற சேவல் பத்த விடமாட்டேங்குது."

பதினோரு கோழி. நான் குழாயடியில் நின்று சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "எந்நேரமுங்க மேயப் போகுது" என்று காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாரே, அது எனக்குக் காட்டின குறிப்பு. அதற்கு நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. முகம் தீய்ந்துபோன மாதிரி இருந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தேன், கையெல்லாம் கம்பு.

மத்தியானம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இலை போட்டு, மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்தான். மகள் அடுக்களைக் கதவோரம் நின்று மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழம்புச் சட்டியோடு பரிமாற நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை எடுத்து, எலும்பைக் கடித்து, சப்பி, வைத்தாள். எல்லாரும் காத்திருந்தோம்.

"ஊட்டுக் கோழின்னா இதானுங்க" என்றாள். "நெம்ப நல்லா வளத்திருக்கறீங்க சம்பந்தி. எங்க தோட்டத்துலகூட இத்தனை கறி ஏறாது. என்ன தீனிங்க போட்டீங்க?"

மகள் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், ஒரு வார்த்தை. "கம்புங்க" என்று சொன்னால் போதும். பொய்யும் கிடையாது. நான் மனசுக்குள் ஏசப்பா, இந்த மனுசன் அதோடு வாயை மூடிக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இருமினார்.

"நம்ம கோழி இல்லீங்க. இந்த அம்மணி வளத்துனதுங்க. நம்மளது எளச்சுப்போச்சுங்க, எனக்குத் தீனி போட்டு வளத்தத் தெரியலீங்க. உங்ககிட்டச் சொல்லாம போட்டா, உண்ட சோத்துக்கு ஆகாதுங்க."

மகள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கையை இலையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் கண்ணும் என் மேல்.

"இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் சத்தமாகச் சொன்னேன். "அது என் சேவல்தான், ஆனா தின்னது பூரா இவரு போட்ட தீனி. இவரு கோழிக்கு வெச்சதத் தின்னுதான் அது கொழுத்துச்சு. அதனாலதான் அவரு கோழி எளைச்சிருக்கு. நான் ஒரு பிடிகூடப் போட்டதில்ல."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

"பாருங்க, தெக்கத்திப் புள்ள, எத்தனை மரியாதை. அவரு இந்தப் புள்ள வளத்துனதுங்கறாரு, இது அவரு வளத்துனதுங்குது. விட்டுக்குடுத்துப் பேசறதுன்னா இப்படிப் பேசோணும்." மருமகளைக் கூப்பிட்டாள். "நீயும் கத்துக்க கண்ணு."

"அம்மா, நெசமாத்தான்..."

"போதுங் கண்ணு, உன்ற மனசு தெரியுது. சம்பந்தி, பக்கத்துல இத்தனை பக்குவம் தெரிஞ்ச புள்ளைய வெச்சுக்கிட்டு நீங்க ஏனுங்க கவலைப்படறீங்க? அடுத்த நோம்பிக்கு இதுகிட்டயே தீனி போடக் கத்துக்குங்க."

"சரீங்க" என்றார் ஓனர்.

என் வாழ்க்கையில் மரியாதை தெரிந்தவள் என்று என்னைச் சொன்னது அந்த அம்மாள் ஒருத்திதான், அதுவும் அன்றைக்குத்தான். உண்மையைச் சொன்னேன், உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சீமையில் இப்படி ஒரு கஷ்டம் இருப்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சட்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். ஓனர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, இருமிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன்னால் என் மூன்று கோழியையும் பஞ்சாரத்துக்குள் போட்டுக் கவிழ்த்தேன். மேலே ஒரு கல்லும் வைத்தேன். மூன்றும் உள்ளே கிடந்து கத்தின. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டும்போது முதுகுக்குப் பின்னால் இருமல்.

"ஏனுங்க அம்மணி, கோழிக்கு ஏதாச்சும் சீக்குங்களா?"

"இல்லண்ணே." நான் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இனிமே அடைச்சே போட்டிருதேன்."

அவர் உடனே போகவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றார். வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. செருப்பால் தரையில் கோடு போட்டார். கடைசியில், ஏதோ கடன் கேட்க வந்தவர் மாதிரி, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஊற வெச்சது ஊற வெச்சதுதானுங்க. சேவலக் கழிச்சுப் பத்துக்குன்னு முந்தாநாளே போட்டு வெச்சுட்டேனுங்க. மிஞ்சினா பூசணம் புடிச்சுப் போயிருமுங்க."

கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். மூன்று கோழியும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சுவர் ஓட்டை வழியாக அவருக்கு முன்னால் ஓடிப்போய்த் தொட்டியடியில் நின்றன.